வசந்தின் ஆஹா

காய்ச்சலால் அன்று மாலைக் கச்சேரிக்குப் போக முடியாத என் கணவர் வசந்த், அதைப் பதிவு செய்துவரப் பதிவுக் கருவிக்குப் புது பேட்டரி போட்டு நண்பர் கிரீஷிடம் கொடுத்தனுப்பினார். கச்சேரி தொடங்கும் முன்பே வசந்த் வீட்டில் இறந்துவிட்டார்.

அடுத்த மாதம் தார்வாடில் எங்கள் ரசிகர் கூட்டம் கூடி அந்தப் பதிவைக் கேட்டது. மெதுவான பகுதி முடியும் இடத்தில், மைக்குக்கு மிக அருகே, வசந்தின் ‘ஆஹா’ கேட்டது. எப்போதும்போல் தாளத்துக்கு ஒரு தட்டு முந்தியே வந்தது.

“இவனுக்கு எப்பவும் அவசரம்! ரெக்கார்டிங்கே பாழ்,” என்று பழக்கத்தில் சொல்லிவிட்ட எங்கள் கூட்டத்து இனாம்தார், பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

கிரீஷ் பதிவை நிறுத்தினார். “அண்ணி, எல்லாருக்கும் காப்பி எடுக்கறப்ப அதை வெட்டிடவா?”

“வெட்டினா அவர் எங்க போவாரு? ஓடட்டும்.”

ஓடியது. பதிவில் பாடகி சிரித்தார். “பொறுங்க வசந்த், இன்னும் இருக்கு,” என்றார்.

தபலா அதே நடையில் போய்க்கொண்டிருந்தது.