பெயரைச் சொன்னது யார்?

துரோகியின் வீட்டு அழைப்புமணியைச் சோடாபுட்டி விடாமல் அழுத்தினாள். பள்ளிக்கூடத்தில் அவளுக்கு அந்தப் பட்டப்பெயரை வைத்ததே அந்தத் துரோகிதான். இப்போது அந்தத் துரோகி ஒரு பத்திரிகை நிருபர்.

கதவைத் திறந்தது நிருபரின் அம்மா. "அடடே, என்ன இந்தப் பக்கம்?"

"சும்மாதான்மா, பாத்துட்டுப் போலாம்னு" என்றாள் சோடாபுட்டி.

"சும்மால்லாம் இல்லம்மா. உங்க பொண்ணோட சண்டை போட வந்திருக்கா" என்றார் அவளோடு வந்திருந்த அவள் கணவர். இந்த மனுஷரைத் துணைக்கு இழுத்து வந்தது தன் தப்பு என்று சோடாபுட்டி பல்லைக் கடித்தாள்.

அம்மா பதறிக்கொண்டு அவர்களைக் கூடத்தில் உட்காரவைத்துவிட்டு உள்ளே போக, நிருபர் அறையிலிருந்து வந்தாள்.

"ஏன்டி, என் பேரு வெளிய வராதுன்னு நீதானே சொன்னே?" கைப்பையிலிருந்த சஸ்பெண்ட் உத்தரவை எடுத்து மேஜைமேல் அடித்தாள் சோடாபுட்டி. குடிநீர் ஆய்வகத்தில் பதினான்கு வருடமாகப் பார்த்த வேலை, ஒரே தாளில் தொங்கிக்கொண்டிருந்தது.

விஷயம் இதுதான். பள்ளிக்கூடத் தொட்டித் தண்ணீரில் சாக்கடை கலந்திருப்பதைக் கண்டுபிடித்தவள் அவள். "வெளிய தெரிஞ்சா ஜனங்க பயந்துடுவாங்க. குழாயைச் சரி பண்ணிட்டு அப்புறம் பாத்துக்கலாம்" என்று அதிகாரி அறிக்கையைப் பூட்டி வைத்துவிட்டார்.

பிள்ளைகளோ அதே தண்ணீரைத்தான் குடித்துக்கொண்டிருந்தார்கள். மனசு கேட்காமல் நகலெடுத்து நிருபரிடம் கொடுத்தாள். செய்தி வந்த அன்றே தொட்டியை மூடினார்கள். மூன்றாம் நாள் இவளுக்கு உத்தரவு வந்தது.

"உண்மை உண்மைன்னு பக்கம் பக்கமா எழுதறியே, குடுத்த வாக்கைக் காப்பாத்தத் தெரியலையா? நம்பினவ கழுத்தை அறுத்துட்டியே!"

நிருபர் இழுப்பறையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினாள். விசாரணையில் அவள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வாக்குமூலத்தின் நகல். 'அறிக்கை எனக்குத் தபாலில் வந்தது. அனுப்பியவர் யாரென்று தெரியாது.'

"எழுத்துக்கு எழுத்து பொய். கண்டுபிடிச்சாங்கன்னா என் வேலையும் போயிடும். தெரிஞ்சேதான் எழுதிக் குடுத்தேன்" என்றாள் நிருபர். "உன் பேரை எங்கம்மாகிட்டகூட நான் மூச்சு விடலடி."

சோடாபுட்டிக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. தோழியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதே விட்டாள்.

"அப்ப வேற யாருடி? நம்ம ரெண்டு பேரைத் தவிர இந்த விஷயம் வேற..."

பாதியில் வாய் நின்றது. மெல்லத் திரும்பிக் கணவரைப் பார்த்தாள். அவர் முகத்தில் துளிக்கூடக் கலக்கமில்லை.

"உங்க அதிகாரி போன் பண்ணி நேராவே கேட்டார். நான் என்ன, பொய்யா சொல்ல முடியும்?"