உள்ளங்கைக் குழம்பு

புதுச் சாமியார் கிறிஸ்துராஜ் பிரசங்கத்தை முடிக்கிற மாதிரியே தெரியவில்லை.

ஆதாமில் தொடங்கினார். நோவேயின் பெட்டகத்தில் ஜோடி ஜோடியாக மிருகங்களை ஏற்றவே கால் மணி நேரம் ஆயிற்று. ஒட்டகத்தைக்கூட விடவில்லை.

முதல் பூசை வைக்கிற பிள்ளை, ஆசையில் பேசுகிறது என்று நாரணாபுரத்துச் சனம் பொறுத்துத்தான் பார்த்தது. இப்போது கோவிலுக்குள் அங்கங்கே செருமலும் கொட்டாவியும் கிளம்பிவிட்டன.

வழக்கப்படி பங்குச் சாமியார்தான் இன்றைக்குப் பிரசங்கம் வைத்திருக்க வேண்டும். பூசைக்குப் புறப்படுகிற நேரத்தில், "நானே வைக்கிறேன்" என்று கேட்டு வாங்கிக்கொண்டாராம் புதுச் சாமியார்.

பெண்கள் பக்கம், தூணோரம், முக்காட்டை முகம் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள் இன்பம். சாமியாரைப் பெற்றவள்.

புருஷன் போனபின் தீப்பெட்டி ஒட்டித்தான் அந்த ஒரு பிள்ளையை வளர்த்தாள். அவன் குருமடத்தில் படித்த பன்னிரண்டு வருஷமும் அவள் ஆண்டவரிடம் கேட்டது ஒன்றே ஒன்று. அவனுடைய முதல் பூசையில், அவன் கையால் நன்மை அப்பத்தை நாக்கில் வாங்க வேண்டும்.

அதைத்தான் இன்று விடியற்காலையில் அவளே கெடுத்துக்கொண்டாள்.

ஊருக்கே விருந்து. வீட்டுக்குப் பின்னால் கிணற்றடியில் மூன்று அடுப்பு. தீப்பெட்டிக் கம்பெனியின் ஐந்து மணிச் சங்கு ஊதி ஓய்ந்த கால் மணி நேரத்தில் கறிக்குழம்பு ஒரு கொதி வந்திருந்தது. அடுத்த வீட்டுச் சோலையம்மாள் கரண்டியை நீட்டினாள்.

"மதினி, உப்புப் பாருங்க. கம்மியா இருந்தா ஊரே என்னையத்தான் ஏசும்."

உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டுக்கொண்டு நக்கினாள் இன்பம். "இன்னும் ஒரு கை போடு" என்றாள்.

தொண்டைக்குள் இறங்கியபிறகுதான் சுரீரென்றது.

நன்மை வாங்குகிறவர்கள் அதற்கு மூன்று மணி நேரம் முன்பே வாயைக் கட்டிவிட வேண்டும். நடுச்சாமத்திலிருந்தே பட்டினி கிடக்க வேண்டும் என்றிருந்த சட்டம் இளகி இரண்டு வருஷம்தான் ஆகிறது. இளகியும் என்ன செய்ய? பூசையோ ஆறரைக்கு. ஏழே காலுக்கெல்லாம் நன்மை கொடுத்துவிடுவார்கள்.

யாரிடம் சொல்ல? சோலையம்மாளுக்கு இந்தச் சட்டமெல்லாம் தெரியாது. தெரிந்தால் அவளும் சேர்ந்து அழுவாள். பின்னால் இருட்டில் யாரோ கிணற்றில் குளிக்கத் தண்ணீர் இறைக்கிற சத்தம் கேட்டது. பிள்ளை எழுந்து வந்தால் தெரியக்கூடாதென்று கண்ணைத் துடைத்துக்கொண்டு கரண்டியை வாங்கிக் கிண்டினாள்.

நன்மை வாங்க ஊரே பீடத்துக்கு முன்னால் உள்ள கிராதியில் போய் முழந்தாள் படியிடும். பெற்றவள் மட்டும் தூணோரம் இருப்பாள். பார்க்கிறவர்கள் என்ன பாவமோ என்று நினைப்பார்கள். நினைக்கட்டும். மகன் நற்கருணைப் பாத்திரத்தோடு வந்து தன்னைத் தேடுவானே, அதற்கு என்ன செய்வாள்?

"எங்க வீட்ல சனிக்கிழமை பொழுது சாஞ்சா பசைச்சட்டியைக் கழுவிக் கவுத்தி வச்சிருவாக எங்க அம்மா" என்றது பீடத்துப் பக்கமிருந்து குரல். இன்பம் நிமிர்ந்தாள்.

"சீசன்னாலும் சரி, ஆர்டர் குமிஞ்சு கெடந்தாலும் சரி, ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு, பொழுது அடையிற வரைக்கும் அந்தச் சட்டி நிமிராது. கம்பெனி முதலாளியவிடப் பெரியவரு ஒருத்தர் இருக்காருன்னு எனக்குச் சொன்னது அந்தக் கவுந்த சட்டிதான். உங்க வீட்டுப் பிள்ளைகளும் அதைப் பாக்கட்டும். எனக்குப் பின்னால இந்த ஊருலருந்து இன்னொருத்தன் குருமடத்துக்கு வரணும்."

எல்லாத் தலையும் தூணோரம் திரும்பியது. இன்பத்துக்குப் பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது.

அதோடு முடித்திருக்கலாம். சாமியார் யோனாசைக் கப்பலில் ஏற்றினார்.

தூணை ஒட்டிய பக்கவாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்ற சோலையம்மாள் குனிந்து கிசுகிசுத்தாள்: "மதினி, ஒங்க மகன் எப்ப நிறுத்துவாரு? சோறு கொளஞ்சு கூழாயிரும்."

பங்குச் சாமியார் இரண்டு முறை கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டார். முதல் பூசையிலேயே பிள்ளை கெட்ட பேர் வாங்கிவிடும் போலிருக்கிறதே என்று, தன் துக்கத்தை மறந்து மகனுக்காகப் பதறினாள் இன்பம்.

அப்போது கம்பெனிச் சங்கு ஊதியது. எட்டு மணி. ஞாயிறு வேலை கிடையாது. ஆனாலும் வாட்ச்மேன் செல்லச்சாமிக்குச் சங்கு ஊதாவிட்டால் காப்பி இறங்காது.

புதுச் சாமியார் பேச்சைச் சட்டென்று நிறுத்தினார். யோனாசை மீன் வயிற்றிலேயே விட்டுவிட்டுச் சிலுவை போட்டார்.

"பிதா, சுதன், இஸ்பிரீத்து சாந்துவின் பெயராலே, ஆமென்."

சனம் பெருமூச்சு விட்டு எழுந்தது. இன்பம் எழவில்லை. முந்தானைக்குள் விரல் மடக்கி எண்ணிக்கொண்டிருந்தாள். ஐந்தே கால். ஆறே கால். ஏழே கால். இனி நன்மை கொடுக்க எட்டே கால் தாண்டிவிடும்.

மூன்று மணி நேரம்!

மாதாவே காப்பாற்றினாள் என்று, கால் தரையில் பாவாமல் கிராதிக்குப் போனாள். மகன் முன்னால் வந்து நின்றான். அவள் கண்ணை மூடிக்கொண்டு நாக்கை நீட்டினாள். அவன் அப்பத்தை அதில் வைத்தான்.

பூசை முடிந்ததும், புதுச் சாமியின் எண்ணெய் பூசிய உள்ளங்கைகளை முத்தி செய்ய வரிசை நின்றது. முதலில் பெற்றவளை விட்டார்கள்.

குனிந்து உதடு பதித்தவளின் காதோரம் சாமியார் கேட்டார்:

"யம்மா, குழம்புல உப்பு சரியா இருந்துச்சா?"

இன்பம் அந்த உள்ளங்கையை விடவில்லை.

"ஒரு கை கொறச்சல், சாமி."