மாப்பிள்ளை மீன்

பவளம் வளர்க்கும் மூடியில்லாத மீன்தொட்டியின் மேல் நீல விளக்கு எரிகிறது. தண்ணீரில் மிதக்கும் பைக்குள் சுண்டுவிரல் நீளத்தில் புதுக் கோமாளி மீன். அதைவிட இருமடங்கு பெரிய பழைய கோமாளி மீன் பையை வட்டமிடுகிறது. கணவனும் மனைவியும் தொட்டியின் முன் மண்டியிட்டிருக்கிறார்கள். போன முறை அழகில் மயங்கி அவன் வாங்கிய மீன் வெளியே துள்ளிச் செத்துப்போனது. அதிகம் துள்ளாத மீனாக இதைத் தேடிப் பிடித்தவள் அவள். இதுவும் ஒத்துவராவிட்டால் தொட்டியையே கொடுத்துவிடுவதாகப் பேச்சு. “இத்தனூண்டு இருக்கே, பெரிசு கடிச்சுக் குதறிடப் போகுது,” என்கிறான் அவன். “சின்னதா இருந்தாத்தான் சண்டை வராதுங்க. இந்த மீன்கள்ல பெரிசுதான் பொண்டாட்டி, சின்னது மாப்பிள்ளை.” “நம்ம வீடு மாதிரின்னு சொல்லு.” அவனைவிட நாலு விரல் உயரமான அவள் அவன் தோளில் இடிக்கிறாள். பிறகு எழுந்து பையைத் திறந்து, வலையில் மீனை மட்டும் ஏந்தித் தொட்டியில் விடுகிறாள். பெரியது அம்பாகப் பாய்கிறது. “ஐயோ!” என்று அவன் அவள் கையைப் பற்றுகிறான். சின்னது ஓடவில்லை. ஒருக்களித்துச் சாய்ந்து, உடம்பெல்லாம் வெடவெடவென்று நடுங்கிக் காட்டுகிறது. பெரியது அப்படியே நிற்கிறது. மெல்லத் திரும்பிப் பவளத்தின் பக்கம் நீந்துகிறது. சின்னது அதன் வாலைப் பிடித்தாற்போல் பின்னாலேயே போகிறது. “பணிஞ்சிடுச்சுங்க! சேர்ந்துடுச்சுங்க!” அவள் குழந்தைபோலக் குதிக்கிறாள். அவன் அவள் பக்கம் ஒருக்களித்துச் சாய்ந்து, தோள்களை வெடவெடவென்று ஆட்டிக் காட்டுகிறான்.