வாய்ப் பொருத்தம்

கோயம்புத்தூரில் இப்போதெல்லாம் ஜாதகம் பார்த்து யாரும் பெண் கொடுப்பதில்லை. வாயிலிருக்கும் கிருமிகள் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்துத்தான் கொடுக்கிறார்கள். அன்று பொருத்த நிலையத்தில் சங்கவியும் தருணும் இரு வீட்டாருக்கு நடுவே, முன்பின் தெரியாதவர்கள் போல ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு வருடக் காதலைத் தரகர் கொண்டுவந்த சம்பந்தமாகக் காட்டச் சங்கவி பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

இருவர் பல்லிலும் வழித்தெடுத்த பஞ்சோடு உள்ளே போன டாக்டரம்மா, புருவத்தை உயர்த்தியபடி வெளியே வந்தார்.

“ஆக்டினோமைசிஸ்னு ஒரு கிருமிங்க. பல்லுல ஒட்டியிருக்கிற வரைக்கும் சாது. காயத்துக்குள்ள புகுந்துட்டா தாடையே வீங்கிச் சீழ் வச்சிடும். ரெண்டு பேர் வாயிலயும் அதுல அச்சு அசல் ஒரே வகை இருக்குது.”

“அமோகப் பொருத்தம்!” என்று தருணின் அப்பா பூரித்துப்போனார்.

“பொருத்தம் இல்லீங்க. ஒருத்தர் வாயில இருந்து இன்னொருத்தர் வாய்க்குக் குடிபோயிருக்குது.”

சங்கவிக்குக் காது சுட்டது. தருண் அவசரமாக, “ஒரே டம்ளர்ல ஜூஸ் குடிச்சோமுங்க, ஒரே ஒரு தடவை,” என்று உளறினான்.

“ஒரு தடவை குடிச்சா இத்தனை சேராது தம்பி.”

சங்கவி பயந்துகொண்டே அம்மாவை ஏறிட்டாள். துளசிமணி மகளைப் பார்த்தாள், பையனைப் பார்த்தாள். பிறகு தருணின் அம்மா பக்கம் திரும்பி, “ஏனுங்க சம்பந்தி, இனி நிச்சயதார்த்தம் எதுக்குங்க? வர்ற முகூர்த்தத்துலயே தாலியக் கட்டிப்போடலாமுங்க,” என்றாள்.