தட்டுகிற சத்தம்

ஆயுத பூஜையன்று மரகதவல்லி, இறந்துபோன மகனின் ஹார்ட் டிஸ்குக்கும் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டாள், பாவம். அவன் பேசிச் சிரித்த வீடியோக்கள் அதில் மட்டும்தான் இருந்தன. மறுநாள் கம்ப்யூட்டரில் செருகினால் எடுக்கவில்லை. அவன் மனைவி கஸ்தூரி ஒயரை மாற்றிப் பார்த்தாள்.

"ஓட்டைக்குள்ளயுமா பூசுவீங்க, அத்தே?" என்று காய்ந்த சந்தனத்தை ஊசியால் சுரண்டிவிட்டுச் செருகினாள். விளக்கு எரிந்தது. உள்ளிருந்து டொக், டொக் என்று சத்தம் வந்தது.

"உள்ள சுத்துற தகட்டுல, அதைப் படிக்கிற முள்ளு இடிக்குது. விட்டா எல்லாம் அழிஞ்சிரும், புடுங்கிடறேன்."

மரகதவல்லி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "எம்புள்ள தட்டுறான். வெளியவே நிக்கட்டுங்கிறியா?"

கஸ்தூரிக்கு ஒயரை இழுக்கக் கை வரவில்லை. கொஞ்ச நேரத்தில் தட்டுவது தானாக நின்றது. திரையில் ஒன்றும் வரவில்லை. இரண்டு பேரும் திரும்பி வாசல் கதவைத்தான் பார்த்தார்கள்.