ஏறும்போது மட்டும்

"இன்னிக்கும் மூச்சு நின்னுச்சுன்னா நாளைக்கு இந்த வண்டி கிடையாது தம்பி. பிரிச்சு விக்கிற ஆள் வந்து கட்டி இழுத்துட்டுப் போயிடுவான். சொல்லிட்டேன்" என்றார் ஜுமாகாசி, சாவியைத் திருப்பியபடி.

ஷைலோபெக் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து குறிப்பேட்டில் தேதியை எழுதினான். எழுதியது சரியான தேதிதானா என்று கைபேசியில் ஒருமுறை பார்த்துக்கொண்டான்.

நாரினிலிருந்து தோலோன் மலைக்கணவாய் வழியாகக் கோச்கோர் ஊருக்கு ஆள் ஏற்றும் பழைய டீசல் வேன் அது. ஜுமாகாசியின் பிழைப்பே அதுதான். போன வசந்தத்தில் அவருடைய அப்பா இறந்தாரே, அதுவரை ஒரு குறையும் இல்லை. அதற்குப் பிறகு, மேட்டில் ஏறிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று இழுவை போய்விடுகிறது. பத்து எண்ணுவதற்குள் தானாகவே திரும்பி வந்துவிடுகிறது. பயணிகள் பயந்து வேறு வண்டிகளுக்குப் போய்விட்டார்கள். ஊரில் இரண்டு பட்டறைகள் கையை விரித்த பிறகுதான், தொழிற்பள்ளி முடித்து ஒரு வருடமே ஆன ஷைலோபெக்கிடம் வந்தார்.

"வண்டியை வித்துட்டு என்ன பண்ணுவீங்கண்ணே?"

"என்ன பண்ணுறது? எல்லாரையும் மாதிரி மாஸ்கோ போய்த் தெருக் கூட்டுவேன், ஐம்பத்தாறு வயசுல. துடைப்பமாவது பாதியில நிக்காதுல்ல?"

வேன் ஊரைத் தாண்டியது. ஷைலோபெக் குறிப்பேட்டை ஆரம்பத்திலிருந்து வாசித்தான்.

"முதல் தடவை டீசல் ஃபில்டர் மாத்தினேன். அடுத்த தடவை உள்ளே தெரியிற குழாய் போட்டுப் பாத்தேன். காத்துக் குமிழ் ஒண்ணுகூட வரல. போன தடவை டேங்க் மூடியில இருக்கிற காத்து ஓட்டையைச் சுத்தம் பண்ணினேன்."

"அடுத்த தடவை என்னைத்தான் கழட்டிச் சுத்தம் பண்ணணும்."

"நான்தான் எதையோ விட்டுட்டேனோ என்னவோண்ணே."

"ஏம்பா, வைத்தியரே இப்படிப் பேசினா நோயாளி கட்டிலோட எந்திரிச்சு ஓடிட மாட்டானா?"

இன்றைய சோதனைக்காக ஷைலோபெக்கின் மடியில் மூடியில்லாத கேன் ஒன்று இருந்தது. அதற்குள் இறக்கிய இரண்டு குழாய்கள் இருக்கைக்கு அடியிலிருந்த என்ஜினுக்குப் போயின. டேங்கை ஒதுக்கிவிட்டு, கேனிலிருந்து நேராக டீசல். குறிப்பேட்டை மூடி வைத்துவிட்டு, கேனை இரண்டு கைகளாலும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

"கொட்டிடாதடா. உன் பொண்டாட்டி உன்னை வாசல்லயே நிறுத்திடுவா."

"எனக்கு இன்னும் கல்யாணம் ஆகலண்ணே."

"இந்த வாசனையோட இனிமே ஆகவும் ஆகாது." ஜுமாகாசி காய்ந்த தயிர் உருண்டை ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார். "சரி, கேன்ல ஓட்டியும் இழுவை போச்சுன்னா?"

"டேங்க்லயும் குழாய்லயும் தப்பில்லன்னு ஆயிடும். பம்புதான்."

"பம்புன்னா?"

"அதை மாத்துறதுக்கு வேற வண்டியே வாங்கிடலாம்."

ஜுமாகாசி உருண்டையை மெல்வதை நிறுத்தினார்.

"இழுவை எங்கெங்க போகுதுன்னு குறிச்சு வச்சியே, அது என்ன சொல்லுது?"

"பதினாலாவது கிலோமீட்டர், இருபத்திரண்டு, அப்புறம் முப்பத்தொண்ணு, முப்பத்தெட்டு. எப்பவும் அதே நாலு இடம். அதைவிடப் பெரிய மேடெல்லாம் நல்லா ஏறுது. திரும்பி இறங்கும்போது ஒரு தடவைகூடப் போகல. எந்தப் பாடத்துலயும் இப்படி ஒரு கோளாறு இல்லண்ணே."

"எனக்குன்னே பிறந்த கோளாறு போலிருக்கு."

"மிதியை விடாம அழுத்திட்டே வாங்க."

"முப்பது வருசமா அழுத்திட்டுத்தானே வர்றேன்?"

பதினான்காவது கிலோமீட்டர் கல் தெரிந்தது, அதை அடுத்துச் சாலையோரத்தில் ஒரு கல்லறைத் தோட்டம். சாலை நேராக, ஒரே சீராக மேலே ஏறியது. என்ஜின் சத்தம் சட்டென்று தணிந்தது. வேன் தளர்ந்தது. பின்னால் வந்த நிலக்கரி லாரி நீளமாக ஹாரன் அடித்தது. ஷைலோபெக் கேனைப் பார்த்தான். டீசல் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. குழாயைப் பார்த்தான். பிறகு ஜுமாகாசியைப் பார்த்தான். பத்து எண்ணுவதற்குள் இழுவை திரும்பி வந்தது.

"பாத்தியா, கேன்லயும் போச்சு!" என்றார் அவர். "பம்புதான். கதை முடிஞ்சுது. வீட்டுக்குப் போனதும் அந்த ஆளுக்குப் போன் போட்டுடுறேன்."

ஷைலோபெக்குக்குத் தவறாகப் பார்த்துவிட்டோமோ என்று சந்தேகமாக இருந்தது. இருபத்திரண்டாவது கிலோமீட்டர் வரை பொறுத்திருந்து, அங்கேயும் இழுவை போனதும் கேனைப் பார்த்தான், குழாயைப் பார்த்தான், அவரைப் பார்த்தான்.

"அவருக்குப் போன் போடாதீங்கண்ணே. பம்பு நல்லாத்தான் இருக்கு."

"பின்ன?"

"இத்தனை நாளும் இந்த இடம் வந்தா நானும் உங்களோட சேர்ந்து கண்ணை மூடிட்டேன். இன்னிக்குத்தான் ரெண்டு கையிலயும் கேன் இருந்ததால மூட முடியல."

"அதுக்கு?"

"அந்த நாலு இடத்துலயும் கல்லறை இருக்கு. இனிமே கல்லறை வந்தா ஓரமா நிறுத்திட்டு ஓதுங்கண்ணே. உங்க அப்பாவுக்காக ரெண்டு கையையும் ஏந்தும்போது, காலும் மிதியை விட்டு வந்துடுது."