சுவரில் ஏறிய கோடு

அமலோற்பவம் புற்றுநோய் ஆஸ்பத்திரியில் புள்ளியியலாளராகச் சேர்ந்தபோது அங்கே கம்ப்யூட்டர் வந்திருக்கவில்லை. புது மருந்துச் சோதனையில் எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்று காட்டும் கோட்டைத் தாளில் பென்சிலால் வரைந்து சுவரில் ஒட்டினாள். நோயாளி ஒருவர் இறந்தால் கோடு ஒரு படி இறங்கும். மற்றபடி நேரே ஓடும். கடைசிப் படியில் கொளஞ்சியப்பன் என்ற நோயாளி மட்டும் மிஞ்சினார். நேரில் அவரை அவள் பார்த்ததே இல்லை. வருஷத்துக்கு ஒருமுறை போன் போடுவாள்.

"இருக்கறம்மா, இப்பதான் கரும்புக்குத் தண்ணி கட்டிட்டு வரன்" என்பார்.

கோட்டை ஒரு விரற்கடை நீட்டுவாள். தாள் தீர்ந்ததும் கோடு சுவரில் ஏறியது. வெள்ளையடிக்க வந்தவர்களோடு அதற்காக அவள் போட்ட சண்டையை ஆஸ்பத்திரியே அறியும். வருஷாவருஷம் அவருடைய பற்கள் உதிர்ந்து பேச்சில் காற்று கலப்பதுகூடப் போனில் அவளுக்குக் கேட்டது.

அவள் ஓய்வுபெறும் நாளில் கோடு கதவருகே வந்திருந்தது. போன் போட்டாள்.

"இருக்கறம்மா. அடுத்த வருசமும் நீங்கதான கூப்புடுவீங்க?"

"பின்ன, வேற யாரு?"

அவர் இருக்கிறார் என்ற சேதி வராத ஒரு நாளைக்கூட அவள் இதுவரை வரைந்ததில்லை. போனை வைத்துவிட்டு அந்த ஆண்டின் விரற்கடையை வரைந்தாள். பென்சிலை எடுக்காமல், கதவின் மரச்சட்டத்தின் மேலேயே, அடுத்த ஆண்டையும் இழுத்துவிட்டாள்.